துயர் மறத்தலும் துயர் நீங்கலும்

காதலித்தவளாற் கைவிடப்பட்டான் ஒருவன் மதுவையுண்டு அத்துயரை ஆற்ற முயல்கின்றான். அம்முயற்சியையே பாட்டாக்கி விரைந்த தாளத்திற் பாடுகின்றான். கேட்போர் கைகொட்டி உடன் ஆடுகின்றனர். இவ்வகைப் பாட்டுக்களைச் சிறுமையுடையனவெனக் கருதிச் செவிசாயாது செல்வோரும், தீயனவென வெறுத்து ஒதுக்குவோருமே சைவ நன்மக்களுட் பலராவர். ஆயினும் அவற்றினகத்தே சித்தாந்த ஆசிரியர் பெரிதும் முயன்று ஆராய்ந்த வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. துன்பம் உணரப்படாமையும் துன்பம் நீங்குதலும் ஒன்றோ வேறோ என்பதே அவ்வினா. ஒன்றென்று கொள்ளின் கள்ளுண்டு மயங்கினவனும் வீடுபெற்றவனும் தம்முள் வேறுபாடிலராவர். வேறென்று கொள்ளின் அவ்வேறுபாடு யாதென நிறுவுதல் கடனாம். அது நிறுவப்படாதவழித் துயருற்ற இளைஞனை நோக்கி, உண்ணற்க என்று விலக்குவதன்றிச் சைவன் ஒருவன் சொல்லத்தக்க சொல் வேறொன்றும் இல்லையாய் முடியும்.

இப்பாட்டுக்கள் ஒரு நாட்டிற்கே உரியன அல்ல. அமெரிக்க நாட்டில் ‘கன்ட்ரி’ என வழங்கும் நாட்டுப்புற இசைமரபில் இஃது ஒரு துறையாகவே வளர்ந்துள்ளது. மெர்ல் ஹேகர்ட் என்னும் பாடகர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி பாட்டில் லெட் மி டவுன்’ என்னும் பாட்டு அத்துறையிற் பெயர்பெற்றது. இரவுதோறும் அவள் நினைவை மறைத்துக் காத்த மதுக்குப்பி இன்றிரவு தன்னைக் கைவிட்டது என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் 1953ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தேவதாஸ்’ திரைப்படத்திற் குடியால் அழியும் காதலன் தாழ்ந்த குரலில், மெல்லெனச் செல்லும் இசையில், உலகும் வாழ்வும் வெறும் மாயம் என்று பாடுகின்றான். பின்னர் வந்த தலைமுறை அம்மென்னடையைக் கைவிட்டது. 2011ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ‘3’ என்னும் திரைப்படத்தின்பொருட்டு அனிருத் இசையமைப்பிற் நடிகர் தனுஷ் தாமே எழுதிப் பாடிய ‘கொலவெறி’ப் பாட்டு, தமிழறியாத நாடுகளிலும் சின்னாளிற் பரவியது. பெண்ணொருத்தியால் மறுக்கப்பட்ட இளைஞன் கையிற் கிண்ணமும் கண்ணில் நீருமாக நிற்கும் நிலையே அதன் பொருளும். அன்னவரை இளைஞர் ‘சூப் பாய்ஸ்’ என்று நகையாடி வழங்குவர். அழுகை பொருளாகவும் துள்ளல் தாளமாகவும் நின்ற இம்முரணே அப்பாட்டின் கவர்ச்சிக்குப் பெருங்காரணம் எனலாம்.

இவற்றை உற்று நோக்குவார்க்கு முதற்கண் தோன்றுவது ஒன்றுண்டு. குடித்து அவளை மறந்தேன் என்று பாடுகின்றவன் அவளை மறந்தவன் அல்லன். மறந்தவனாயின் பாடுதற்குப் பொருள் யாது? பாட்டு என்பது நினைவின் தொழில். மது நினைவைக் கெடுக்கும் பொருள். இரண்டனையும் ஒருங்கே கைக்கொண்டவன் ஒரு கையால் அணைத்ததனை மற்றொரு கையால் மூட்டுகின்றான். ஹேகர்ட் பாட்டு இவ்வுண்மையை ஒளியாது ஒப்புக்கொள்கின்றது. அந்த நேர்மை பற்றியே அது பிற பாட்டுக்களினும் உயர்ந்ததெனத் தகும். உடற்கூற்று நூலாரும் இதற்குச் சான்று பகர்வர். மிகுதியாக உண்ணப்பட்ட மது, மூளையிற் புதிய நிகழ்ச்சிகள் நினைவாகப் பதியும் செயலைத் தடுக்குமேயன்றி முன்னரே பதிந்த பழைய நினைவுகளை அழிப்பதில்லை. எனவே குடித்தவன் மறுநாட் காலையில் மறந்திருப்பது முன்னாளிரவு தான் அழுததனையும் பிறரை வைததனையுமே. அவளை அன்று. மறக்க விரும்பியது நிற்க, நினைவிற் கொள்ளவேண்டிய தன் இழிவு மட்டும் மறைந்தொழிகின்றது.

இவ்வாராய்ச்சியை மரக்காணத்து உப்பளக்கரையை முன்னிறுத்திச் செய்தல் பொருந்தும். விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கழுவெளி நீர்ப்பரப்புக் கடலொடு கலக்கும் முகத்தில் அமைந்தது இவ்வூர். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் இதுவே. சோழர்காலக் கல்வெட்டுக்களையுடைய பூமீசுவரர் திருக்கோயில் இங்குள்ளது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனது துறையாகக் கூறப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆராய்ச்சியாளர் கொள்வர். அவ்வாற்றுப்படையில் அப்பட்டினத்து நுளையர் மகளிர் வடித்த பழந்தேறலும் சுட்ட உலர்மீனும் வழிவந்த பாணர்க்குப் பரதவர் அளித்து விருந்தோம்பும் காட்சி வருகின்றது. ஆகவே இக்கரைக்குக் கள் புதியதன்று. பிரிவுத்துயரும் புதியதன்று. நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல் என்றே இலக்கண நூலார் வகுத்தனர். உப்பும் மீனும் விற்கும் கரையே கைவிடப்பட்டோர் இரங்குதற்குரிய கரையாகவும் தமிழ்ப்புலவர்க்குத் தோன்றியிருக்கின்றது.

ஆயின் இவ்விரண்டும் பண்டை மரபிற் கலந்திலாமை காண்க. தேறல் விருந்தினர்க்கு அளிக்கப்பட்டது, வீரர்க்கு அளிக்கப்பட்டது. பிரிந்தாள் ஒருத்தி அதனை உண்டு ஆறினாள் என அகப்பாட்டுப் புலவர் பாடிற்றிலர். அவள் கடலை நோக்கிப் பேசுகின்றாள். நாரையை நோக்கிப் பேசுகின்றாள். மணலில் ஓடும் அலவனை நோக்கியும் பேசுகின்றாள். மறுக்கப்பட்ட ஆடவனுக்கு அம்மரபு வைத்த வழியோ மடலேறுதல். பனைமடலாற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, அவளுருவெழுதிய கிழியைக் கையிலேந்தி, ஊர் காண மறுகில் வருதல் அது. மரக்காணக் கரையெங்கும் நிற்கும் பனைக்கு இத்தொடர்பில் ஒரு வியப்பு உண்டு. மடலைத் தருவதும் பனை. கள்ளைத் தருவதும் பனை. முன்னோன் மடலைக் கொண்டு தன் துயரை ஊரறிய வெளிப்படுத்தினான். பின்னோன் கள்ளைக் கொண்டு தன் துயரைத் தன்னிடத்தினின்றே ஒளிக்கின்றான். முன்னது நாணிழந்த செயலே. அதனைப் போற்றுதல் ஈண்டுக் கருத்தன்று. சூள் செய்து பெண்ணை நெருக்கும் வன்மையும் அதிலுண்டு. எனினும் அங்கே துயர் துயராகவே நிற்கின்றது, ஊரார் கேட்கின்றனர், சான்றோர் இடைப்புகுகின்றனர், ஒரு முடிவு பிறத்தற்கு இடமுண்டு. ஒளிக்கப்பட்ட துயரை யார் சென்று கேட்பர்?

திருவள்ளுவனார் கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரம் வகுத்தாரேனும் கள்ளையும் காமத்தையும் ஒப்பிட்டு உணர்த்திய இடம் காமத்துப்பாலில் வருகின்றது. பிரிவுக்கண் நின்றார் கூற்றாகிய ‘நினைந்தவர் புலம்பல்’ என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், நினைந்த அளவிலேயே இன்பந்தருதலின் காமம் கள்ளினும் இனிது என்று சொல்லப்படுகின்றது. பிரிந்திருப்பவன் வாயில் இச்சொல்லை வைத்த நுட்பம் போற்றத்தக்கது. கள் உண்டாலன்றி மகிழ்விப்பதில்லை. அன்போ, அதற்குரியார் அகன்றவிடத்தும், நினைவளவில் நின்று பயன்படுகின்றது. அப்பயன் வேண்டாவென நினைவையே அழிக்கப் புகுதல் கருவூலத்தைக் கொளுத்திக் குளிர்காய்தல் போலும்.

இனி, இப்பாட்டுக்களின் விரைந்த தாளமே குற்றமென்பார் சிலர் உளர். அது சைவர்க்குப் பொருந்தாது. மணிவாசகப் பெருமான் மகளிர் விளையாட்டுப் பாட்டுக்களாகிய அம்மானையும் சாழலும் தெள்ளேணமும் தோணோக்கமும் உந்தியாரும் கொண்டன்றோ திருவாசகத்திற் பெரும்பொருளை வைத்தனர்? அவை பந்தும் கழங்கும்போலத் துள்ளுவன. இரங்கல் வீட்டிலும் பறை மெல்லென அறையப்படுவதில்லை. தனியே தாங்கலாகாத சுமையைப் பலர் கூடித் தாங்குதற்குத் தாளம் தோள்கொடுக்கின்றது. மரக்காணத்திற்குத் தெற்கே பாடல்பெற்ற தலமாகிய இரும்பைமாகாளத்தொடு தொடர்புடையவராகத் தலவரலாறு கூறும் கடுவெளிச் சித்தர், பத்துத் திங்கள் வேண்டிப் பெற்ற குடத்தைக் கூத்தாடிக் கூத்தாடி உடைத்த ஆண்டியைப் பாடினார். அப்பாட்டின் நடையும் குழந்தைகள் குதித்தாடும் நடையே. பொருளோ உடம்பை வீணே கெடுத்துக்கொள்ளும் பேதைமை. கிண்ணமேந்தும் இளைஞனுக்கு அதனினும் பொருத்தமான ஆடற்பாட்டு வேறு கிடைப்பதரிது. ஆதலின் தாளத்தை வெறுத்தல் வேண்டா. அத்தாளம் எப்பொருளைச் சுமந்து எத்திசை செல்கின்றது என்பதே நோக்கத்தக்கது.

சித்தாந்த நூல்களின் வழி இனி இதனை ஆராய்வாம். உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என நிலைகள் மூன்று கூறப்படும். கேவலத்தில் உயிர் ஆணவமலத்தால் முற்றும் மறைப்புண்டு, அறிவும் விழைவும் செயலும் விளங்காது, இருளிற் கண்போலக் கிடக்கும். அங்கே துன்பம் உண்டோவெனின் துன்ப உணர்ச்சி இல்லை. ஆயினும் அதனை எந்நூலாரும் இன்பநிலையெனக் கூறிற்றிலர். அதுவே உயிருக்கு நேர்ந்த பெருங்கேடு என்றனர். இறைவன் கருணையால் மாயையினின்று உடல், கருவி, உலகு, நுகர்பொருள் என்பவற்றைக் கூட்டுவித்தபோது சகலநிலை வருகின்றது. அங்கேதான் உயிர் முதன்முதல் அறிகின்றது. அறிதலாலே அழவும் செய்கின்றது. எனவே அழுகை இருள் செறிவதன் அடையாளமன்று, இருள் சிறிது நெகிழ்ந்ததன் அடையாளம். காதலித்துப் பிரிந்து வருந்துகின்றவன், ஒன்றனையும் விரும்பாது கல்லெனக் கிடந்தவனினும் ஒருபடி ஏறி நிற்பவன். அவன் கள்ளுண்டு தேடுவதோ அப்படியினின்றும் கீழிறங்குதலை. இயற்கையாக வரும் உறக்கமும் ஒருவகைக் கேவலமேயாயினும் அஃது உடலின் இளைப்பாற்றின்பொருட்டு இறைவன் வகுத்தது. மதுமயக்கமோ சகலத்தின் நடுவே மனிதன் தானே வருவித்துக்கொண்ட கேவலம்.

இதனைத் தத்துவமாகவே கூறினாரும் உளர். முத்தியாவது உயிர் தன் அறிவிழந்து கல்போலக் கிடத்தலே என்பார் பாடாணவாதியர். கல்லுக்குத் துன்பமில்லையாதலின் அதுவே வீடென்பது அவர் துணிபு. உமாபதி சிவாசாரியர் 1313ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்பநிராகரணத்தில் இவர் கொள்கையையும் எடுத்து மறுத்தனர். துன்பமின்மை மட்டும் பேறாகாது. இன்ப நுகர்ச்சியும் அதனை அறியும் அறிவும் உண்டாதல் வேண்டும். இன்றேற் பெற்றவன் யார், பெற்றது யாது என்னும் வினாவுக்கு விடையில்லையாம் என்பது சித்தாந்திகள் கூறும் தடை. நூலேட்டிற் பயிலும் பழைய வாதமென்று பலரும் புறக்கணிக்கும் இம்மதத்தினர் இன்று மதுக்கடை வாயிலில் நிரம்ப நிற்கின்றனர். கிண்ணத்தை வாய்க்கொண்டு, ‘ஒன்றும் தெரியாதிருந்தால் போதும்’ என்பான் ஒவ்வொருவனும் தன்னையறியாத பாடாணவாதியே. தேவதாசோ மாயாவாதியாகவும் ஆகின்றான். தனக்கு ஒருத்தி கிடைத்திலள் என்ற அளவில் உலகனைத்தும் பொய்த்தோற்றம் என்று கூறுகின்றான். சித்தாந்தத்தில் மாயை பொய்யன்று, உள்பொருள். விடியுங்காறும் உதவும் விளக்குப்போல உயிரின் அறிவைச் சிறிது விளக்குவது. எண்ணெய் வற்றியதென்று விளக்கையே இல்லையென்பவன் அறிவுடையனோ?

மெய்கண்டார் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தின்கண் ஆண்ட உவமையொன்று உப்பளக்கரையில் நிற்பார்க்கு இனிது விளங்கும். அறியாமை சிவத்தைப் பற்றாது, உயிரையே பற்றும். எங்ஙனமெனின், கடலும் நீரும் உப்பும் போல. கடலாகிய வெளியில் நீர் நிறைந்துளது. நீரில் உப்புக் கலந்துளது. உப்பு நீரைப் பற்றுமன்றி வெளியைப் பற்றாது என்பது உரையாசிரியர் காட்டும் கருத்து. மரக்காணத்து உப்பளத்தில் இக்கலப்பினின்று உப்புப் பிரியும் வகையைக் கண்ணாற் காணலாம். மிதித்து இறுக்கிய பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்சி வெயிலில் விடுவர். நீர் நாளும் சுருங்கிச் செறியும். செறியச் செறிய உவர்ப்பு மிகும். மிகவும் கைப்பாக நிற்கும் அந்நிலையிலேதான் உப்பு வெண்மணியாகப் பிரிந்து படிகின்றது. இடையே மழை பெய்து நீர் இளகிவிடின் உவர்ப்புக் குறைந்ததென மகிழ்வார் அங்கே ஒருவருமிலர். பட்டபாடு பாழாயிற்றென வருந்துவர். உவமையை முழுதும் ஒட்டிக் காட்டுதல் முறையன்று. எனினும் மலம் பக்குவமுறுதலாவது அம்மலத்தின் கொடுமை உணரப்படாமையன்று, முற்ற உணரப்பட்டு நீங்குதற்கு அணியமாதலே என்பதற்கு அப்பாத்தி நற்சான்று. வினையும் நுகர்ந்தன்றிக் கழியாது. நுகர்ச்சியைக் கள்ளாற் சிலபோது மறைப்பவன் எடுத்தவினையைக் கழித்தானல்லன். அம்மயக்கத்திற் செய்தவற்றால் ஏறுவினையை மிகுத்தவனாகின்றான்.

ஈண்டு ஒரு தடை நிகழும். அடியார்களும் மெய்ம்மறந்தனர் அல்லரோ? சிவானந்தத்தைத் தேறலென்றும் தேனென்றும் திருமுறைகள் பேசவில்லையோ? திருமூலர் கள்ளுண்ணாமை கூறியவிடத்தும் சிவானந்தத்தை மேலாய மதுவாகக் காட்டினாரன்றோ? மறதி எங்கும் மறதியே. ஒன்று இழிந்ததும் ஒன்று உயர்ந்ததும் ஆதற்குக் காரணம் யாதென்பது அத்தடை. இது வலியதே. பாட்டுக்களை இகழ்ந்து பேசுவோர் இதற்கு விடைகூறாது போவர்.

விடை திருநாவுக்கரசர் திருத்தாண்டகமொன்றில் உளது. தலைவியொருத்தி முன்னர் அவனது பெயரைக் கேட்கின்றாள்; பின்னர் நிறத்தைக் கேட்கின்றாள்; அவன் ஆரூரைக் கேட்கின்றாள்; அவன்பாற் பித்தேறித் தாய் தந்தையரை நீங்கி, உலகியல் ஒழுக்கத்தை விட்டு, தன்னையும் மறந்து, தன் பெயரும் இழந்து அவன் தாளிற் கலக்கின்றாள். அவள் மறந்தது எது? தன்னை. மறவாதது எது? அவனை. மதுவுண்ட இளைஞனைக் காண்க. அவன் மறக்க முயல்வது அவளை. மறவாது இறுகப் பற்றுவது தன்னை. யான் விரும்பினேன், என்னை விட்டாள், எனக்கு இது நேர்ந்தது என்று அவன் சொல்லில் ‘யான்’ ‘எனது’ என்பனவே முன்னும் பின்னும் ஒலிக்கின்றன. இரண்டும் மறதியே, மறக்கப்பட்ட பொருளும் எஞ்சிநின்ற பொருளும் தம்முள் இடம்மாறின. முன்னையதில் ஆணவம் கழல்கின்றது. பின்னையதில் ஆணவம் ஒன்றே எஞ்சுகின்றது. இவ்வகைப் பாட்டுக்களிற் பெண்ணை வஞ்சகியென்று வைதல் வழக்காகிவிட்டதன் காரணமும் இதுவே. விரும்பாமை ஒரு குற்றமா? மறுத்தவள் எவனுடைய பொருளையும் கவர்ந்தவள் அல்லள். தன்னை இழந்தானெனக் கூறுபவன் உண்மையில் தன்னை இழக்கவில்லை என்பதே அவன் நோயின் மூலம்.

இதுகாறும் கூறியது உயிர்பற்றியது. உடல்பற்றியும் மரக்காணத்துக் கரையிற் கூறவேண்டுவது உளது. 2023ஆம் ஆண்டு மேத்திங்கள் 13ஆம் நாள் அவ்வூரையடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் மறைவாக விற்கப்பட்ட சாராயத்தை உண்டோர் அடுத்தடுத்து மடிந்தனர். அண்மையிலுள்ள செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலும் அந்நாட்களில் அவ்வாறே நிகழ்ந்தது. இரு மாவட்டங்களிலும் இறந்தோர் 20க்கு மேற்பட்டவர். தொழிற்சாலைகளுக்குரிய மெத்தனால் அதிற் கலந்திருந்தது எனக் கண்டனர். 2024ஆம் ஆண்டு சூன் திங்களிற் கள்ளக்குறிச்சியில் அதே நஞ்சு 60க்கு மேற்பட்டோரைக் கொன்றது. எக்கியார்குப்பத்தில் மாண்டோர் பிரிவாற்றாது பாடிக் குடித்த இளைஞர் அல்லர். உடலுழைப்பால் வந்த நோவை மறக்க அன்றாடம் சிறிது உண்டோர் அவருட் பலர். இங்கு வேறுபாடு ஒன்றுமின்று என்பதே கருதத்தக்கது. நோவு உள்ளத்ததாயினும் உடலதாயினும் தேடப்பட்டது மறதி. அதனை விலைக்கு விற்றவன் நஞ்சை விற்றான்.

மெத்தனாலின் தொழிலை மருத்துவர் விளக்குவர். அது வயிற்றிற் சென்ற பின் ஈரலில் முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறுகின்றது. கேடு செய்வது பெரும்பாலும் அவ்வமிலமே. அது குருதியைப் புளிப்பேற்றுகின்றது, கண்ணரம்பைத் தாக்குகின்றது. உண்டவுடன் தெரியாது பல நாழிகை கழித்தே பார்வை மங்குதலின், உண்டவன் தான் உண்டது நஞ்சென்று உணர்வதற்குட் காலம் கடந்துவிடுகின்றது. உயிர்தப்பினாரும் சிலர் பார்வையிழந்து வாழ்கின்றனர். கள்ளுண்பாரை நஞ்சுண்பாரென வள்ளுவர் கூறியதனை இதுவரை உவமையென்று படித்தோர் இனி அங்ஙனம் படித்தல் இயலாது.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதற் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மதுவிலக்கு 1971ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டமையும், 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை வாணிகம் மேற்கொண்டமையும் பலரும் அறிந்தவை. அவைபற்றிய வழக்கு ஆளுவோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் உரியது. எந்தக் கடை அடைக்கப்பட்டாலும், மறதியே மருந்தென்னும் துணிபு உள்ளத்தில் இருக்குங்காறும் அதனை விற்பான் ஒருவன் இருட்டில் நிற்பான் என்பதற்கு எக்கியார்குப்பமே சான்று.

பிரிவாலும் பார்வையிழப்பாலும் ஒருங்கே வருந்திய பெரியார் ஒருவர் வரலாற்றைச் சைவர் ஆண்டுதோறும் படிக்கின்றனர். அவ்வரலாறு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் மகிழமரத்தடியிற் சங்கிலியார்க்குச் சூளுரைத்தனர். பின்னர் ஆரூர் வேனில் விழா நினைவு மிக, அச்சூளைப் பிழைத்து எல்லை கடந்தனர். கடந்தவுடன் இருகண்ணும் ஒளியிழந்தன. அவர் செய்தது யாது? தம் பிழையை மறைத்திலர், மறந்திலர். தலந்தோறும் சென்று அப்பிழையைத் தாமே எடுத்துரைத்துப் பாடினர். திருவெண்பாக்கத்தில் இறைவன் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல். அதனையும் பெற்றுக்கொண்டு, நொந்து, பாடிக்கொண்டே நடந்தனர். கச்சியேகம்பத்தில் இடக்கண் பெற்றனர். ஆரூரில் வலக்கண் பெற்றனர். பாடுவோன் நினைவோடு பாடினால் பாட்டு எத்துணைத் தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு அந்நெடுவழியே அளவு. நெஞ்சுக்கு உரியாரிடம் குறைகூறியும் சினந்தும் உரிமையோடு பேசியும் அவர் பாடிய பதிகங்களில் மென்மை மட்டுமின்றி வன்சொல்லும் உண்டு. துயரைச் சொல்லுவதற்குச் சைவம் மொழியை வரையறுத்து வைக்கவில்லை.

ஆரூரில் எஞ்சியது பரவையார் ஊடல். சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டிருந்த அவ்வம்மையார் கதவடைத்தனர். சுவாமிகள் விடுத்த உலகியல் அறிந்தார் சிலர் சென்று சொல்லியும் பயனின்று. சேக்கிழார் இவ்விடத்துப் பரவையாரைக் கடிந்து ஒரு சொல்லும் கூறிற்றிலர். அவர் சினத்திற்கு உரிமையுண்டெனக் கொண்டே பாடுகின்றார். ஆடவன் ஒருவன் வருந்துகின்றானென்பது பற்றிப் பெண்ணின் மறுப்பு இழுக்காகிவிடவில்லை. நள்ளிரவில் சுவாமிகள் ஆற்றாராய்த் தம் தோழரை நினைந்தனர். தோழர் வந்தனர், ஆதிசைவர் வடிவிற் பரவையார் மனைக்குச் சென்றனர். அம்மையார் இசைந்திலர். திரும்பி வந்து அதனையே சொன்னபோது, இனி உயிர் தரியேன் என்று சுவாமிகள் அடியில் வீழ்ந்தனர். அடியிற் கிடந்தவர்க்கு மயக்கந்தரும் பொருள் ஒன்றும் அளிக்கப்படவில்லை. மறந்துவிடு என்றும் சொல்லப்படவில்லை. இறைவன் எழுந்து, தம் மெய்வடிவோடு, அத்தெருவழியே இரண்டாம் முறையும் நடந்தார்.